நெடுவழிக்கு ஆயத்தம்

உத்தரமேரூரிலிருந்து வடக்கே திருப்புலிவனம் வழியாகக் காஞ்சிபுரத்துக்கும், கிழக்கே புக்கத்துறை கூட்டு ரோடு வழியாகச் சென்னை–திருச்சி நெடுஞ்சாலைக்கும், தென்மேற்கே மானாம்பதியைத் தொட்டு வந்தவாசிக்கும், வடகிழக்கே சாலவாக்கம் பக்கமாகச் செங்கற்பட்டுக்கும் பிரிந்து செல்லும் சாலைகள் யாவும் பெரும்பாலும் குறுந்தூரப் பிரயாணத்துக்கே பழகியவை. நெல் மூட்டையும் உர மூட்டையும் பால் கேனும் ஏற்றிய டி.வி.எஸ். வண்டிகளும், படாளம் சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்புச் சுமையோடு அசைந்து செல்லும் டிராக்டர்களும், விடியுமுன்பே ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளும் அவற்றின் நித்தியப் போக்குவரத்து. இந்த ஒரகடத்திலேதான், உத்தரமேரூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் எல்லைக்குள், 2013-ஆம் ஆண்டு முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் உற்பத்தியாகின்றன. 2017-இல் அருகிலுள்ள வல்லம் வடகாலிலும் அக்கம்பெனி இன்னொரு தொழிற்சாலையைத் திறந்தது. ஆகவே, மோட்டார் சைக்கிளில் மேற்கொள்ளும் நெடுந்தூரப் பிரயாணத்தைப் பற்றியும், அதற்குச் செய்துகொள்ளும் ஆயத்தங்களின் பூர்வ சரித்திரத்தைப் பற்றியும் எழுதப் புகும் ஒருவன் இந்தப் பக்கத்துச் சாலைகளிலிருந்து தொடங்குவது பொருத்தமாகவே இருக்கும்.

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது ஏறக்குறைய 1,610 கிலோமீட்டர் தூரத்தை ஒரே வண்டியில் ஒருவரே ஓட்டிக் கடப்பது இன்று உலகெங்கும் ஒரு சாதனையாக மதிக்கப்படுகிறது. இந்தியாவிலும் அதனை நிறைவேற்றியவர்கள் பலர் உண்டு. இதனை இளமையின் முரட்டு வேகம் என்று எண்ணி முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள்; நமது சாலைகளில் நாள்தோறும் நிகழும் விபத்துகளைப் பார்க்கையில் அவர்களுடைய அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. ஆயினும் இத்தகைய பிரயாணத்தைப் பழுதின்றி முடித்தவர்கள் வேகத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை; எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எந்த ஊரை எந்த வேளையில் கடப்பது என்பவற்றைப் பற்றியே பேசுகிறார்கள். நெடுவழியின் வெற்றி தங்கும் இடங்களிலேதான் தீர்மானமாகிறது என்ற இந்த உண்மையை, மோட்டார் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நமது சாலைகள் அறிந்திருந்தன என்பதும், அந்த அறிவு இடையிலே ஒரு நூற்றாண்டு மங்கிக் கிடந்து பின்னர் இந்த மோட்டார் சைக்கிள்காரர்களால் வேறொரு உருவில் மீட்கப்பட்டது என்பதும் என் துணிபு.

கால்நடையாகவோ மாட்டு வண்டியிலோ அன்றிப் பிரயாணம் இல்லாதிருந்த காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி மணிக்கு இரண்டு மைலுக்கு மேல் போகாது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு அல்லது பதினைந்து மைல் போனால் மாடுகளுக்கு அதற்கு மேல் தாங்காது. வெயிலுக்கு அஞ்சி இரவில் ஓட்டுவார்கள். அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு தொங்க, பத்துப் பன்னிரண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்லும். இந்த வேகத்தையும் இந்தச் சக்தியையும் அளவுகோலாகக் கொண்டே சாலையோரத்துத் தர்மங்கள் அனைத்தும் அமைந்தன. சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைக் கடந்ததும் சுங்குவார்சத்திரம் வருகிறது. காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் பாலுசெட்டிசத்திரம் வருகிறது. இன்னும் மேற்கே, காவேரிப்பாக்கத்துப் பக்கம், சுமைதாங்கி என்றே ஒரு கிராமம் இருக்கிறது. அன்ன சத்திரம் கட்டியவனுடைய குலத்தையும் செல்வத்தையும் காலம் கொண்டுபோய்விட்டது. அவன் வைத்த தர்மம் மட்டும் ஊராகி நிலைத்துவிட்டது.

சுமைதாங்கியைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். இரண்டு கற்களை ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக நட்டு, அவற்றின்மேல் நீண்ட பலகைக் கல் ஒன்றைக் குறுக்கே கிடத்துவார்கள். தலைச்சுமையோடு தனியே வருகிறவன் பிறர் கை கொடாமலே சுமையை அதன்மேல் நகர்த்தி வைக்கலாம். இளைப்பாறிய பின் பிறர் தூக்கிவிடாமலே மீண்டும் தலையில் வாங்கிக்கொள்ளலாம். கருவுற்றிருக்கும்போதே உயிர் துறந்த பெண்ணின் நினைவாக, இறக்கி வைக்க முடியாமற்போன அவளுடைய சுமைக்கு ஈடாக, அவளுடைய உற்றார் இதனை நிறுவுவது வழக்கம். ஒரு குடும்பத்தின் துயரம் வழிப்போக்கர் ஆயிரம் பேரின் கழுத்து வலியைத் தீர்க்கும்படி செய்த இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் உயர்ந்த சாலைச் சாஸ்திரம் எந்தத் தேசத்திலாவது இருந்ததா என்பது எனக்குச் சந்தேகமே. தண்ணீர்ப் பந்தலும், புளிய மரச் சாலையும், மாடு முதுகு தேய்த்துக்கொள்ள நட்ட ஆவுரிஞ்சு கல்லும் இதே கருணையிலிருந்து பிறந்தவை.

தஞ்சை மராட்டிய மன்னர்கள் இந்தத் தர்மத்தை ஓர் அரசாங்க இலாகாவின் ஒழுங்கோடு நடத்தினார்கள். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்கென வழி நெடுகிலும் அவர்கள் அமைத்த சத்திரங்களில் ஒரத்தநாட்டு முக்தாம்பாள்புரம் சத்திரம் பிரசித்தமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோஜி மன்னர் அதனை நிறுவினார். இந்தச் சத்திரங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கொண்டுவிடக் கூடாதே என்ற கவலையால் 1801-இல் அவர் ஆங்கில ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சகல சாதியாருக்கும் அன்னம் அளிப்பதும், வழியில் நோயுற்றவர்களுக்கு வைத்தியம் செய்வதும், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பேணுவதும் அந்தச் சத்திரங்களில் எவ்வாறு நடந்துவந்தன என்பது அதில் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பிரயாணி தன் மூட்டையில் எதைக் கட்டிக்கொள்ளலாம், எதைக் கட்டாமல் விடலாம் என்பதை இத்தகைய ஏற்பாடுகளே நிர்ணயித்தன. அன்றைய பிரயாணத் திட்டத்தில் பாதியைச் சமூகமே முன்கூட்டித் தீட்டி வைத்திருந்தது என்று கூறலாம்.

ஆனால் சத்திரத் தொடர் முடிந்த இடத்துக்கு அப்பால் போகிறவன் என்ன செய்வான்? அதற்கு உத்தமமான உதாரணம் ஏனுகுல வீராசாமியின் காசி யாத்திரை. சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் துவிபாஷியாக உத்தியோகம் பார்த்த இவர், 1830-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி குடும்பத்தாரும் பரிஜனங்களுமாக ஏறக்குறைய நூறு பேரோடு சென்னையை விட்டுப் புறப்பட்டார். திருப்பதி, கடப்பை, ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர், அலகாபாத் வழியாகக் காசியை அடைந்து, அங்கிருந்து கயைக்கும் கல்கத்தாவுக்கும் சென்று, பூரி வழியாகக் கிழக்குக் கரையோரமாகவே திரும்பி, 1831-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி மீண்டும் சென்னை வந்து சேர்ந்தார். பதினைந்து மாதங்களுக்கு மேல் நடந்த அந்தப் பிரயாணத்தில், தினந்தோறும் கண்டவற்றைத் தெலுங்கில் எழுதித் தம் சிநேகிதராகிய கோமளேசுவரன்பேட்டை ஸ்ரீநிவாச பிள்ளைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவை 'காசி யாத்ரா சரித்திரம்' என்னும் பெயரில், ஆசிரியர் காலமான பின் 1838-இல் அச்சேறின.

அந்நூலைப் பக்திப் பிரபாவத்துக்காக வாசிப்பவர்கள் வாசிக்கட்டும். அதனை ஒரு மகத்தான பிரயாணத் திட்டக் குறிப்பாகவும் வாசிக்கலாம் என்பேன். இந்த ஊருக்கும் அடுத்த ஊருக்கும் எவ்வளவு தூரம், வழி மணலா கல்லா, இடையில் ஆறு குறுக்கிடுகிறதா, கடைகளில் என்ன சாமான் அகப்படும், கிணற்று நீர் எப்படி, இறங்கத் தோப்பு உண்டா சத்திரம் உண்டா என்று மஜல்மஜலாக, அதாவது தங்கல் தங்கலாக, அவர் எழுதிக்கொண்டே போகிறார். அதிகாலையில் புறப்படுவதும், வெயில் ஏறுமுன் ஓரிடத்தில் இறங்குவதும், மழைக்காலத்துக்கும் நதிகளின் பெருக்குக்கும் ஏற்ப நாட்களை வகுப்பதும் அவருடைய முறை. போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறொன்று. தனக்குப் பின்னால் வருகிறவன் சிரமப்படக் கூடாது என்ற எண்ணத்தோடு குறித்துவைத்த கணக்கு அது; தன் சௌகரியத்துக்கு மட்டும் எழுதுகிறவன் நீரின் ருசியை ஊர்தோறும் பதிவு செய்ய மாட்டான்.

வீராசாமி திரும்பி வந்த இருபத்தைந்தாவது வருஷத்தில், 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் பாதை அதுவே. அதன் பின் நிகழ்ந்த மாறுதலை விரித்துரைக்க வேண்டியதில்லை. எங்கே நிற்பது என்ற கவலையை அட்டவணை எடுத்துக்கொண்டது. எங்கே உண்பது என்ற கவலையை ஸ்டேஷன் போஜனசாலை எடுத்துக்கொண்டது. டிக்கெட் வாங்கியதோடு பிரயாணியின் யோசனை முடிந்தது. சத்திரங்கள் பாழடைந்ததும், சுமைதாங்கிகள் முள் மூடிக் கிடந்ததும், சாலைகளைப் பற்றிய ஜனங்களின் நுண்ணிய அறிவு தேய்ந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன.

மறுபடியும் சாலைக்கு உயிர் கொடுத்தது மோட்டார். 1912-ஆம் ஆண்டுவாக்கில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் நடத்தலானார். அக்காலத்துச் சாலைகளில் மாட்டு லாடத்தின் ஆணிகள் சிந்திக் கிடந்து டயர்களைத் துளைத்தமையால், சாலையின்மேல் காந்தத்தை இழுத்துச் சென்று ஆணிகளைப் பொறுக்கும் வண்டி ஒன்றை அவர் உபயோகித்தார் என்று சொல்வார்கள். தன் வண்டியைப் பார்ப்பதோடு நில்லாமல் தன் வண்டி செல்லப்போகும் வழியையும் முன்சென்று பார்க்கும் இந்தக் குணமே நெடுவழிக்காரனின் முதற்குணம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, லங்காஷயர் என்னும் ஆங்கில அதிகாரியொருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகித்தார். பட்டணத்துக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, பின்னர் அந்த வண்டியையே விலைக்கு வாங்கி, திருகு திருகாகக் கழற்றி மறுபடி பூட்டிக் கற்றுக்கொண்டார். இந்த வரலாற்றைத் தமிழ்நாட்டுச் சிறுவர்கள் பலர் கேட்டிருப்பார்கள். வழியில் வண்டி நின்றுபோனால் எவனை எதிர்பார்ப்பது என்ற கேள்விக்கு, என்னையே என்று விடை சொல்லக்கூடிய முதல் தமிழ் மோட்டார் சைக்கிள்காரர் அவராகவே இருக்கக்கூடும்.

வெளிநாடுகளில் இதற்குள் நெடும்பிரயாணங்கள் தொடங்கிவிட்டன. ஜார்ஜ் வைமன் என்பவர் 1903-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு ஐம்பது நாட்களில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சாலை இல்லாத இடங்களில் ரயில் தண்டவாளக் கட்டைகளின்மேலேயே ஓட்டினார். பதினோரு வருஷம் கழித்து எர்வின் பேக்கர் அதே கண்டத்தைக் கடக்க எடுத்துக்கொண்டது பதினோரு நாட்களும் சில மணி நேரமுமே. 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து புறப்பட்ட தெரேசா வாலாக், ஃப்ளாரன்ஸ் பிளெங்கிரன் என்னும் இரு பெண்கள், பக்கத்தொட்டியும் பின்வண்டியும் பூட்டிய 600 சி.சி. பாந்தர் வண்டியில் சகாராவைத் தாண்டி 1935 ஜூலையில் கேப் டவுனை அடைந்தார்கள். நம் நாட்டில், மோட்டாரும் இல்லாத வெறும் சைக்கிளில், பம்பாய்ப் பார்சி இளைஞர்களான ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்கரா மூவரும் 1923 முதல் 1928 வரை உலகைச் சுற்றி வந்தனர். இந்தச் சாகசங்களை வரிசையாகப் படிக்கும்போது, வண்டியின் பலம் வருஷத்துக்கு வருஷம் மாறினாலும் மனிதனுடைய தூக்கமும் தாகமும் மாறவில்லை என்பது தெளிவாகிறது.

இந்தியாவில் மோட்டார் சைக்கிளின் தலையெழுத்தை நிர்ணயித்தது சென்னை. 1950-களின் தொடக்கத்தில், எல்லைக் காவலுக்குத் தகுந்த வண்டியாக 350 சி.சி. புல்லட்டை இந்திய ராணுவம் தேர்ந்தெடுத்தது. அதன் விளைவாக இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் கூடி 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலையில் முதலில் உதிரிப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே வார்த்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. தாய் வீடு மூடிய பின்னும் புல்லட் திருவொற்றியூரில் பிறந்துகொண்டே இருந்தது. பல பத்தாண்டுகள் பெரிய மாறுதலின்றி அதே யந்திரமாக நீடித்தமையால், அதனைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இல்லாத தாலுகா ஊர் அருமையாயிற்று. நெடுவழிக்குப் போகிறவன் ஒரு கிளட்ச் கேபிள், ஒரு ஸ்பார்க் பிளக், ஒரு டியூப், நாலு ஸ்பானர் இவற்றோடு தைரியமாகப் புறப்படலாம் என்ற நம்பிக்கை அதனால் வந்தது. பழுதே ஆகாத வண்டியைவிட, எந்த ஊரிலும் பழுது பார்க்கத்தக்க வண்டி நெடும்பிரயாணத்துக்குச் சிறந்தது என்று வாதிப்பவர்கள் இன்றும் உண்டு; நானும் அந்தக் கட்சியையே சேர்ந்தவன்.

1997-இல், சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி, என்ஃபீல்டு வண்டிகளில் நாற்பது பேர் தமிழ்நாட்டிலிருந்து லடாக்கின் கார்துங் லா கணவாய் வரை சென்றார்கள். பின்னாளில் ஆண்டுதோறும் நடைபெறலான இமாலயப் பிரயாணங்களுக்கு அது முன்னோடி. அந்தக் கணவாயின் உச்சியில் 18,380 அடி என்று பலகை எழுதி வைத்திருந்தார்கள். துல்லியமாக அளந்தபோது அது சுமார் 17,580 அடியே என்று தெரிந்தது. அங்கே ஏறிச் சென்றவர்களின் மூச்சு முட்டலை இந்த எண்ணூறு அடி ஒன்றும் குறைத்துவிடப் போவதில்லை. எனினும், நெடுவழிக்காரனுக்குப் பலகையைவிட அளவே பிரமாணம் என்பதற்கு இதனையும் சான்றாகக் கொள்ளலாம். 2001 முதல் அமைந்துவந்த 5,846 கிலோமீட்டர் நீளமுள்ள தங்க நாற்கரச் சாலையோ முன்னில்லாத ஒரு வசதியைக் கொடுத்தது. அதன் சென்னை–மும்பைப் பகுதி 1,290 கிலோமீட்டர். அது சுங்குவார்சத்திரத்தையும் பாலுசெட்டிசத்திரத்தையும் தொட்டுக்கொண்டே மேற்கே போகிறது. கட்டை வண்டிக்காக வகுத்த வழியே ஆயிரம் மைல் பிரயாணத்துக்கும் வழியாயிற்று.

இப்பொழுது அந்த ஆயிரம் மைல் விதியைப் பார்ப்போம். அமெரிக்காவில் மைக்கேல் நீபோன் என்பவர் தலைமையில் வளர்ந்த அயர்ன் பட் அசோசியேஷன் இதற்கு நியமங்கள் வகுத்திருக்கிறது. ஓட்டி முடித்தேன் என்று ஒருவன் வாய்மொழியாகச் சொல்வது அங்கே செல்லாது. புறப்படும்போது ஒருவர், திரும்பும்போது ஒருவர் சாட்சிக் கையெழுத்து இடுவது வழக்கம். வழியில் பெட்ரோல் போடும் ஒவ்வோரிடத்திலும் தேதி, நேரம், ஊர்ப்பெயர் மூன்றும் பதிந்த ரசீது வேண்டும். திரும்பும் முனையில் ரசீது இல்லாவிடில் குறுக்கு வழியே வந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழும். ஓடோமீட்டர் எண்ணையும் உடனுக்குடன் குறித்துக்கொள்ள வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், உத்தரமேரூர் மகாசபையார் கல்லில் வெட்டிய குடவோலை விதிகளை அறிந்த எவருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் முதலியவற்றுக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது வயதுக்கும் நிலத்துக்கும் சொந்த மனைக்கும் கல்விக்கும் வரம்பு விதித்த அச்சபையார், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனையும் அவனுடைய நெருங்கிய உறவினரையும் அடியோடு விலக்கினார்கள். பொதுக்காரியத்தில் நம்பிக்கை என்பது கணக்கின்மேல் எழ வேண்டும் என்று கருதிய ஊர் இது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் அந்த எழுத்துகள் இன்னும் நிற்கின்றன.

உத்தரமேரூரிலிருந்தே அத்தகைய பிரயாணம் ஒன்றைத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தைக் கடந்து பாலுசெட்டிசத்திரத்தருகே பெருஞ்சாலையை அடைந்து, வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, தும்கூர், சித்திரதுர்க்கா, தாவணகெரே, ஹூப்ளி வழியாகப் பெலகாவியை அடைந்தால் ஏறக்குறைய 810 கிலோமீட்டர். அதையும் சற்றே கடந்து ஒரு பெட்ரோல் பங்கில் ரசீது வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினால் தேவையான தூரம் ஐயத்துக்கு இடமின்றி நிறைந்துவிடும். ஓடோமீட்டர் சற்று மிகுத்துக் காட்டுவது வண்டிகளின் பொது இயல்பாதலால், இருபது முப்பது கிலோமீட்டரைக் கூடுதலாக வைத்துக்கொள்வதே விவேகம். மொத்தத்தில் சராசரி மணிக்கு 67 கிலோமீட்டர் வர வேண்டும். கேட்பதற்கு எளிது, நிற்கும் நேரமும் அதில் அடக்கம் என்பதே இதன் கடினம். ஓடும்போது மணிக்கு 85 கிலோமீட்டர் வீதம் போனால் ஓட்டத்துக்கு 19 மணி நேரம் செலவாகும். எஞ்சும் 5 மணி நேரத்துக்குள்ளேதான் பெட்ரோலும், ஊண் உறக்கமும், நகர நெரிசலும் எல்லாம்.

350 சி.சி. வண்டியின் தொட்டி சுமார் 13 லிட்டர் கொள்ளும். ஒரு தொட்டியில் 400 கிலோமீட்டருக்குக் குறையாமல் போகலாமாயினும், 300-க்கு ஒரு முறை போடுவதாகக் கொள்வதே நல்லது. அவ்வாறு ஐந்து அல்லது ஆறு முறை நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷத்தில் முடிய வேண்டியது தேநீரும் பேச்சுமாக அரைமணி ஆகிவிட்டால் ஆறு நிறுத்தங்களில் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. போன இரண்டு மணி நேரத்தை வேகத்தால் ஈடுசெய்ய எண்ணினால், 1,610 கிலோமீட்டர் முழுவதையும் 85-க்குப் பதிலாக ஏறக்குறைய 95-இல் ஓட்ட வேண்டியிருக்கும். சாலையில் ஆபத்து பிறக்கும் இடம் இதுவே. நெடுவழியில் நேர்கிற அநேக விபத்துகளுக்கு வேர், விபத்து நடந்த வளைவில் இல்லை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு முன்னால் ஒரு பங்கில் சோம்பி நின்ற அரைமணியில் இருக்கிறது. ரசீதில் அச்சான நேரம் சரிதானா என்று பங்கை விட்டுப் புறப்படுமுன் பார்ப்பதும், தவறாக இருந்தால் அருகிலுள்ள ஏ.டி.எம்.மில் ஒரு சீட்டு எடுத்து வைத்துக்கொள்வதும் அனுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் ஜாக்கிரதை.

புறப்படும் வேளையை நிச்சயிப்பதுதான் திட்டத்தின் ஜீவநாடி. பெங்களூருவை அலுவலக நெரிசல் கூடுமுன் கடக்க வேண்டுமானால் உத்தரமேரூரை இரவு மூன்று மணிக்கு விட்டாக வேண்டும். அப்படிச் செய்தால் முந்திய இரவுத் தூக்கம் குறைகிறது. ஐந்து மணிக்குப் புறப்பட்டால் தூக்கம் நிறைகிறது, பெங்களூரு தடுக்கிறது. இந்த முரணைத் தீர்க்கச் சுலபமான வழி ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது. பருவத்தைப் பொறுத்தவரை, வடகிழக்கு மழை ஓய்ந்து வெயில் கடுமையாகாத தை, மாசி மாதங்கள் உத்தமம். எந்த நேரத்தில் புறப்பட்டாலும், பின்னிரவு இரண்டு முதல் ஐந்து வரை உடம்பு தானாகவே உறக்கத்தை நாடும் நேரம். கண்ணைத் திறந்தபடியே சில விநாடி உறங்கிவிடும் அபாயம் அப்போது உண்டு. காப்பியால் அதனை ஒத்திப்போடலாமே அன்றி ஒழிக்க முடியாது. அரைமணி படுத்து எழுவது ஒன்றே பரிகாரம். தாகம் எடுத்த பின் தண்ணீர் குடிப்பதும் தாமதமே. காற்று வேர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் நீர் வற்றுவது தெரியாமலே தலைவலியும் மயக்கமும் வந்துவிடும்; ஆதலால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் உப்புச் சேர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உணவைப் பொறுத்தமட்டில் நம்மவர் வெளியே தேடிப்போக வேண்டியதில்லை. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை வேய்ந்த மூங்கிற்குடலையில் வேகவைக்கும் காஞ்சிபுரம் கோயில் இட்லி சீக்கிரத்தில் கெடாது. வயிற்றைக் கனக்கச் செய்யாது. கையிலேயே பிட்டு உண்ணலாம். புளியோதரையும் அவ்வாறே. தாபாவில் வயிறு நிறைய உண்டு வண்டியேறுகிறவனை அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் தூக்கம் வந்து பிடிக்கும்.

இவ்வளவு ஆயத்தங்களுக்குப் பிறகும் ஒரு குறை நிற்கிறது. அது பிரயாணியால் தீராத குறை. பின்னிரவில் திரும்பி வருகிறவனுக்குக் கிருஷ்ணகிரிக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையில் படுக்க இடமில்லை. சாலையை அகலப்படுத்தியபோது புளிய மரங்கள் போயின. சத்திரங்கள் பெயரளவில் எஞ்சின. நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் பெட்ரோல் பங்கின் சிமெண்டுத் தரையில் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்கிறார்கள். லாரி டிரைவர்கள் வண்டிக்கடியில் துண்டை விரிக்கிறார்கள். இரவெல்லாம் விளக்கெரிந்து காவலும் இருக்கும் சுங்கச் சாவடிகளில் காரும் லாரியும் பணம் கட்டிப் போகின்றன. அந்தச் சாவடிகள் ஒவ்வொன்றின் அருகிலும், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கக் கூரையிட்டு, ஆள் காலை நீட்டிப் படுக்கத்தக்க அகலத்தில் பத்துத் திண்ணைகளும், குடிநீர்க் குழாயும், சுத்தமான கழிப்பறையும் அமைத்து, அரைமணி நேரம் எவரும் எழுப்பிவிடாதபடி காவலுக்கு உத்தரவிடுவது நெடுஞ்சாலை அதிகாரிகளுக்குப் பெரிய செலவாகாது. முதல் திண்ணையைப் பாலுசெட்டிசத்திரத்திலேயே கட்டலாம்.